மரத்தளத்தில் ஜெயித்தோம், சிமென்ட்டில் வளர்கிறோம்

“மாமா, தரையைப் பாருங்க” என்றாள் அக்கா மகள். நான் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 நவம்பர் 25. சென்னை பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம். ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துத் தகுதிச் சுற்றில் இந்தியாவும் கஜகஸ்தானும் மோதிக்கொண்டிருந்தன. மூன்று நாள் முன்பு இதே அரங்கில் கத்தாரிடம் 53-69 என்று தோற்ற அணி. ‘இன்னொரு தோல்வியைப் பார்க்க மழைக்காலத்தில் பெரியமேடு வரை போகணுமா’ என்று தயங்கிய என்னை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். பள்ளி அணியில் ஆடுகிறாள். அவளுக்கு இது பாடம். எனக்கு, வேலை முடிந்த ஒரு திங்கட்கிழமை மாலை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஆட்டம் முடிந்தபோது இந்தியா 88, கஜகஸ்தான் 69.

பத்தொன்பது புள்ளி வித்தியாசம். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. கோர்ட்டில் ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீல ஜெர்ஸியில் ‘இந்தியா’ என்று எழுதியிருப்பதை அன்றுதான் முதன்முறையாகப் படிப்பதுபோல் படித்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. கிரிக்கெட்டில் உலகக் கோப்பையே வாங்கியபோதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை. அங்கே நாம் ஜெயிப்போம் என்று எதிர்பார்த்துக்கொண்டே உட்காருகிறோம். இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காத இடத்தில் வந்த பெருமை என்பதால்தான் அது நேராக நெஞ்சில் இறங்கியது.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் அவள் தரையைக் காட்டினாள்.

“இவங்க குதிச்சு இறங்குறப்ப சத்தமே வேற மாதிரி இருக்கு மாமா. தரை கொஞ்சம் உள்ள போயிட்டு வருது. எங்க ஸ்கூல்ல இறங்கினா சத்தம் தரையில வராது, முட்டிக்குள்ளதான் வரும்.”

அப்போது சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, அந்த வாக்கியம் வெற்றியைவிட அதிக நாள் என்னோடு இருந்தது.

நான் கூடைப்பந்தின் தீவிர ரசிகன் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தோடு எனக்கு ஒரு பழைய உறவு உண்டு. எங்கள் சித்தப்பா பெரியகுளத்தில் இருந்தார். எண்பதுகளின் கடைசியில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அங்கே போய்விடுவோம். மே மாதம் பெரியகுளத்தில் இரண்டு விசேஷங்கள். ஒன்று மாம்பழம், இன்னொன்று கூடைப்பந்து. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி. 60 ஆண்டுகளைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிற போட்டி அது. மாநிலத் தலைநகரில்கூட நடக்காத அளவுக்கு ஒரு சிற்றூரில் வங்கி அணியும் ரயில்வே அணியும் கடற்படை அணியும் வந்து இறங்கும்.

சூரியன் போன பிறகுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். பிளட்லைட் வெளிச்சத்தில் ஈசல் பறக்கும். கேலரிப் படிகளில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள், மாங்காய்க் கமிஷன் மண்டிக்காரர்கள், ராத்திரி டூட்டி இல்லாத பஸ் கண்டக்டர்கள், மடியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே ஆட்டம் பார்க்கும் அம்மாக்கள். இந்தி பேசும் பையன் ஒருவன் பந்தை வாங்கினால் கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடும். போன வருஷம் இதே கூடையில் அவன் எத்தனை ஃப்ரீ த்ரோ தவறவிட்டான் என்பதுகூட அந்த ஊருக்கு ஞாபகம் இருக்கும். சித்தப்பா எனக்கு விதிகளைச் சொல்லித் தரவில்லை. “பந்தைப் பாக்காதடா, பந்து இல்லாதவன் காலைப் பாரு” என்று மட்டும் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பெரியமேட்டில் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு படிப்பு, வேலை, கல்யாணம். எல்லோரையும்போல நானும் கிரிக்கெட்டோடு மட்டும் நின்றுவிட்டேன். அதற்குள் இந்தியக் கூடைப்பந்தில் என்னென்னவோ நடந்துவிட்டன. 2014 ஜூலையில் வூஹான் நகரில், சீன மண்ணில், சீனாவை இந்தியா 65-58 என்று வென்றது. ஆசியக் கூடைப்பந்தில் சீனாவை வெல்வது என்றால் என்ன என்பது இந்த ஆட்டம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். 2016ல் டெஹ்ரானில் மறுபடியும் 70-64. பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங், 2015ல் என்.பி.ஏ. அணி ஒன்று தேர்வுசெய்த முதல் இந்தியர் ஆனார். 2017ல் பெங்களூரில், ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவு இறுதியாட்டத்தில், நம் பெண்கள் அணி இதே கஜகஸ்தானை 75-73 என்று, மூச்சு நின்றுபோகும்படி வென்று, மேல்பிரிவுக்கு ஏறியது. இவை ஒவ்வொன்றும் நடந்த மறுநாள் நான் பேப்பர் படித்திருப்பேன். ஒரு மூலையில் சின்னதாக வந்திருக்கும். கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கிக்கொண்டு வந்த நாளில் வீட்டில் இல்லாமல் போன மாதிரி.

பெண்கள் அணியைப் பற்றிச் சொல்லும்போது அனிதா பால்துரையைச் சொல்லாமல் போக முடியாது. சென்னைக்காரர். தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். பத்தொன்பது வயதில் இந்திய அணியின் கேப்டன். 2021ல் பத்மஸ்ரீ. பதினெட்டு ஆண்டுகளாக இந்திய ஜெர்ஸி போட்டவர். நடுவில் தாயானார், திரும்ப வந்து ஆடினார். பதினெட்டு ஆண்டுகள் குதித்துக் குதித்து இறங்கிய கால்கள் அவை. அந்த எண்ணிக்கையை நினைத்துப்பார்த்தால் பத்மஸ்ரீயைவிடப் பெரிய ஆச்சரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கஜகஸ்தான் வெற்றிக்குப் பிறகு நான் விடவில்லை. 2025 மார்ச்சில் பஹ்ரைனில் நடந்த கூடுதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைனை அதன் சொந்த ஊரிலேயே வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. ஆகஸ்டில் ஜித்தா. முதல் ஆட்டம் ஜோர்டானோடு. 2023 உலகக் கோப்பையில் ஆடிய அணி ஜோர்டான். அக்கா மகள், நான், நடுவில் சுவரில் சாய்த்துவைத்த கைப்பேசி. வழக்கமான நேரம் முடிந்தபோது இரண்டு அணிகளும் சமம். கூடுதல் நேரத்தில் 84-91 என்று தோற்றோம். அவள் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆசியாவின் பெரிய அணி ஒன்றை நாற்பது நிமிடம் முடிந்தும் நம் பையன்கள் முன்னால் போகவிடாமல் பிடித்துவைத்திருந்தார்கள். தோற்றுவிட்டு இவ்வளவு கர்வமாக உணர்ந்தது எனக்கு அதுதான் முதல்முறை.

அடுத்து சீனா 100-69 என்று நம்மை வென்றது. சவூதியிடமும் தோற்றோம். மூன்றில் ஒன்றுகூட ஜெயிக்காமல் திரும்பிய அணியைப் பற்றி இவ்வளவு பூரிப்பா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். கேட்பது நியாயம்தான். ஆனால் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு இந்தியக் கூடைப்பந்து ஒலிம்பிக் பக்கமே போனதில்லை என்பதை வைத்துப் பார்த்தால், ஜோர்டானோடு சமநிலையில் நின்ற அந்த ஒரு மாலையின் எடை தெரியும். அதோடு, இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் ஆடுகிறார்கள். முயின் பேக் ஹபீஸ் என்று பேர் சொல்லும்போது எனக்குப் பெரியகுளத்து கேலரி ஞாபகம் வருகிறது. கரூரிலும் கோயம்புத்தூரிலும் பெரியகுளத்திலும் கோடையில் இரவு பதினொரு மணிவரை விசில் அடித்த கூட்டம் வளர்த்த ஆட்டம் இது. 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து, பி.டி. வாத்தியார்கள் ஊர் ஊராக எடுத்துப்போய் நட்ட ஆட்டம். அந்தப் பெருமையில் நமக்கு ஒரு பங்கு உண்டு. அதனால்தான் அதற்குள் இருக்கிற ஒரு வேதனையையும் நாம்தான் பேச வேண்டும்.

2025 ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அக்கா போன் செய்தாள். “படி இறங்க மாட்டேங்கறாடா. முட்டிக்குக் கீழ வீங்கியிருக்கு.” விடுமுறையில் கோடைக்காலப் பயிற்சி முகாம், காலையும் மாலையும். பள்ளி திறந்ததும் மண்டலப் போட்டிக்கான பயிற்சி. எலும்பு மருத்துவரிடம் போனோம். முட்டிச்சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில் சின்ன மேடாகத் துருத்திக்கொண்டிருந்தது. தொட்டாலே துடித்தாள். வளரும் வயதில், அதிகம் குதித்து ஓடும் பிள்ளைகளுக்கு வருவது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பேர். தொடைத் தசை ஒவ்வொரு குதிப்பிலும் இன்னும் கெட்டிப்படாத எலும்பு நுனியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஓய்வு, ஐஸ், தொடைத் தசைக்கான நீட்டல் பயிற்சி. எழுதிக்கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்.

“எந்தத் தரையிலம்மா ஆடற?”

“சிமென்ட் சார்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடினார். அவளுக்கு நோய் வந்ததற்குத் தரை மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அதிகப் பயிற்சி, குறைந்த ஓய்வு, வேகமாக வளர்கிற எலும்பு எல்லாம் சேர்ந்துதான் இது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்று நான் தேட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து இந்தப் பெருமையும் இந்தக் கவலையும் எனக்குள் தனித்தனியாக இல்லை.

குதித்து இறங்கும்போது நம் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை கால்வழியே மேலே ஏறுகிறது. அந்த விசையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். தரை கொஞ்சம் வாங்கும், ஷூ கொஞ்சம் வாங்கும், மிச்சத்தைக் கணுக்காலும் முட்டியும் இடுப்பும் வாங்கும். நேரு அரங்கில் பார்த்ததுபோன்ற மரத்தளம் நேரடியாகக் காங்கிரீட்டின் மேல் ஒட்டப்படுவதில்லை. கீழே சட்டங்கள், ரப்பர் பேடுகள், நடுவில் காற்றுக்கு இடம், அதற்கு மேல் பலகை. கால் விழுந்ததும் தளம் நூலளவு அமுங்கி எழும். காங்கிரீட்டில் விழும் விசையை நூறு என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியையாவது தளமே விழுங்கிவிட வேண்டும் என்பதுதான் பெரிய சர்வதேசப் போட்டித் தளங்களுக்கான அளவுகோல். அந்த அளவுகோலில் சிமென்ட் தரைக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். அது எதையும் விழுங்குவதில்லை. முழு நூறையும் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

அவள் சொன்னது இதைத்தான். சத்தம் முட்டிக்குள் வருகிறது என்று.

அவள் ஓய்வில் இருந்த அந்த வாரங்களில், மாலைகளில் நான் சும்மா சுற்றினேன். சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்கா, ஓர் அரசுப் பள்ளி, கட்டணம் அதிகம் வாங்கும் ஒரு தனியார் பள்ளி. மூன்றிலும் கோர்ட் இருந்தது. பூங்காவில் சிமென்ட் பாளம் பாளமாக விரிந்து, இடுக்கில் புல் முளைத்திருந்தது. மேலே மண் படிந்திருந்தால் கால் வழுக்கும். வழுக்கும்போது முட்டி திருகும். குதிப்பதால் மெல்ல மெல்லத் தேய்வது ஒன்று, திருகி ஒரே நொடியில் தசைநார் அறுவது இன்னொன்று. முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்தால் அறுவைச் சிகிச்சை, பிறகு பல மாதம். ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கே அது அதிகம் நேர்கிறது. தனியார் பள்ளியில் தரைக்கு அழகாகப் பச்சையும் சிவப்பும் பெயின்ட் அடித்திருந்தார்கள். கையால் தட்டிப்பார்த்தேன். பெயின்ட்டுக்குக் கீழே அதே சிமென்ட். பார்க்கிறவர்களுக்காக அடித்த வண்ணம், இறங்குகிற காலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எண்ட் லைனுக்கு வெளியே இரண்டு மீட்டர் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே ஒரு மீட்டருக்குள் சுவர். லே-அப் போட்டுவிட்டு ஓடிவருகிற பிள்ளை எங்கே போய் நிற்கும்?

அங்கே ஓர் எட்டாம் வகுப்புப் பெண் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். லே-அப், ரீபவுண்ட், மறுபடி லே-அப். எத்தனை முறை குதிக்கிறாள் என்று எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியதும் எனக்கே கால் வலிப்பதுபோல் ஆகி நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. அந்த ஆர்வத்தைப் பார்த்தால் கண் கலங்கும். இவள்தான் நாளைய இந்திய அணி. இவளை நாம் எதன் மேல் இறக்கிவிட்டிருக்கிறோம்?

அரசுப் பள்ளியில் ஒரு பி.டி. வாத்தியாரைப் பார்த்தேன். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு. நான் தரையைப் பற்றிக் கேட்டதும் முதலில் கொஞ்சம் கோபப்பட்டார்.

“சார், நான் வந்தப்போ இங்க மண் தரை. பந்து எகிறவே எகிறாது. மழை பெஞ்சா ஒரு வாரம் ஆட முடியாது. நடையா நடந்து இந்த சிமென்ட்டப் போட வச்சேன். இத வேணாம்னு சொல்லிடாதீங்க.”

அவர் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. சிமென்ட் கோர்ட் இல்லையென்றால் தமிழ்நாட்டில் கூடைப்பந்தே இல்லை. பெரியகுளம் முதல் கன்னியாகுமரி வரை இந்த ஆட்டத்தை ஏழைப் பிள்ளைக்கு எட்டவைத்தது அதுதான். நான் குறை சொல்வது சிமென்ட்டை அல்ல, சிமென்ட் போட்டதோடு வேலை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டதை. அந்த வாத்தியார் நினைக்கவில்லை. பேசிக்கொண்டே என்னைக் கோர்ட்டுக்குப் பின்னால் அழைத்துப்போனார். அங்கே கபடிக்காகக் கொத்திவிட்ட மண் தரை.

“குதிக்கிற டிரில்லெல்லாம் இங்கதான் சார். பந்து வேணாம், கூடை வேணாம். இங்க குதிக்கட்டும், ஓடட்டும். கோர்ட்ல பாஸ், ஷூட்டிங், ஆட்டம் மட்டும். எறங்கும்போது முட்டி மடிச்சு, ரெண்டு காலும் சேந்து, சத்தம் வராம எறங்கணும். சத்தம் வந்தா அஞ்சு ரூபா ஃபைன்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் யாருகிட்டயும் வாங்கினதில்ல.”

தரையை மாற்ற அவரிடம் பணம் இல்லை. தனக்கு இருக்கிற தரையை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய பள்ளியிலிருந்து ஒருநாள் யாராவது இந்திய ஜெர்ஸி போட்டால் அந்தக் கபடி மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

அமெரிக்காவில் தெருவோரத் தார்த்தரையில் ஆடித்தான் பெரிய ஆட்டக்காரர்கள் உருவானார்கள், இதெல்லாம் அதிகப்படியான கவலை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் தெருவில் விளையாடினார்கள். ஆனால் அவர்களுடைய அன்றாடப் பயிற்சி பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கில், மரத்தளத்தில் நடந்தது. நம் பிள்ளைகளுக்கு விளையாட்டும் அதே சிமென்ட், பயிற்சியும் அதே சிமென்ட், மாவட்டப் போட்டியும் அதே சிமென்ட். பத்து வயதில் தொடங்கினால் பதினெட்டு வயதுக்குள் எட்டு வருஷம். தமிழ்நாட்டில் உயரமான, கை நீளமான, ஆசையான பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பதினாறு வயதில் ‘முட்டி போயிடுச்சு’ என்று சொல்லி நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணுவதில்லை. ஜித்தாவில் சீனாவிடம் 31 புள்ளியில் தோற்றோம் என்று பேசுகிறோமே, அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கே அரங்கில் விழுந்ததே இல்லை. இங்கே, பள்ளி மைதானத்தில், ஆட்டத்தை விட்டுப்போன பிள்ளைகளாக விழுந்திருக்கிறது. இது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் உறுதியான கருத்து.

எல்லாப் பள்ளிக்கும் மரத்தளம் போட முடியாது. கூரை வேண்டும், ஈரம் ஏறக்கூடாது, பராமரிக்க ஆள் வேண்டும். கடலோர ஊரில் இரண்டு மழைக்காலத்தில் பலகை ஊறிப்போய்விடும். அது மாவட்டத்துக்கு ஒன்று என்று உள்ளரங்கங்களில் இருந்தால் போதும். பள்ளிகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஓடுகள் இருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அறிமுகமான மூவர் கூடைப்பந்து, திறந்தவெளியில் இந்த மாதிரித் தளத்தில்தான் நடந்தது. இருக்கிற சிமென்ட்டின் மேலேயே விரிக்கலாம், மழைத் தண்ணீர் இடுக்கில் வடிந்துவிடும், ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். இன்னொன்று, பெயின்ட்டுக்குக் கீழே ரப்பர் அடுக்கு போடுகிற முறை. இரண்டும் மரத்தளத்துக்கு ஈடாகாது. ஆனால் வெறும் சிமென்ட்டைவிட எவ்வளவோ மேல். புதிதாகக் கோர்ட் போடும்போதே இதையும் மதிப்பீட்டில் சேர்த்துவிட்டால், பிறகு தனியாக நிதிக்கு அலைய வேண்டியதில்லை.

பணமே போட முடியாத பள்ளியும் சில காரியங்கள் செய்யலாம். ஆட்டத்துக்கு முன் தரையைக் கூட்டிவிட வேண்டும். ஓட்டப் பயிற்சியை மண்ணுக்கு மாற்ற வேண்டும். கூடைக் கம்பத்தில் பழைய மெத்தையையாவது சுற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் ஓய்வு. கோடை முகாமில் காலையும் மாலையும் பிள்ளைகளைக் குதிக்கவைக்கிற வழக்கத்தைப் பெற்றோர்களே கேள்வி கேட்க வேண்டும். என் அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளை நன்றாக ஆடுகிறாள் என்ற சந்தோஷத்தில் இருந்தோம்.

அவள் இரண்டு மாதம் ஓய்வெடுத்தாள். ஜித்தா ஆட்டத்தை அவள் காலை நீட்டி, முட்டியில் ஐஸ் பை வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். செப்டம்பரில் மெதுவாகத் திரும்பப் போனாள். இப்போது ஆடுகிறாள். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் இறங்குவதற்குக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த பி.டி. வாத்தியார் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். மொட்டைமாடியில் பழைய பாயை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் சத்தம் வராமல் இறங்கிப் பழகினாள். “மாமா, கேட்டுச்சா?” என்பாள். “கேக்கல” என்பேன். மறுபடி குதிப்பாள்.

அவள் பள்ளி தனியார் பள்ளி. அங்கே நான் பேசிப்பார்க்கிறேன். ஆனால் அரசுப் பள்ளிகளில் படித்து இன்று நல்ல நிலையில் இருக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் இதைப் படிக்கிறீர்கள். படித்த பள்ளிக்கு நன்கொடை தர ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று அரசே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. ஸ்மார்ட் போர்டுக்கும் பெஞ்சுக்கும் தருகிறீர்கள், நல்லது. உங்கள் பள்ளியில் கூடைப்பந்துக் கோர்ட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். இருந்தால், ஒரு மாலை அங்கே போய், ஷூவைக் கழற்றிவிட்டு, கூடைக்குக் கீழே நின்று ஒரே ஒரு முறை மேலே குதித்து இறங்கிப் பாருங்கள். பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, அன்று போய், தரையைப் பற்றிப் பேசுங்கள்.